நீலமாய் எழுதிக் கறுப்பாய்க் காய்ந்த மை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனேன். அதற்குப் பிறகு இந்தக் கையில் கொழுந்துதான். எழுதிக்கொண்டு போகும்போது சொல்ல வந்தது மறந்துபோகும். மறந்தது வேறு எங்கேயோ ஞாபகம் வரும். ஒன்றையே இரண்டு தரம் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களை எழுதவில்லை. எழுதினால் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று பயம். எனக்கு எதற்குமே பயம்தான்.

இது ஒரு பேனாவும் ஒரு போத்தல் மையும் வாங்கியதைப் பற்றி. சின்ன விஷயம். ஆனால் எங்களுக்கு ஒரு வீடு கிடைப்பதும் கிடைக்காததும் அதற்குள்ளே இருந்தது.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம். மலையின் இடுப்பில் ஒட்டவைத்ததுபோல ஒரு பழைய லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். அதில் கடைசி அறை எங்களுடையது. நானும் மருமகளும் இருக்கிறோம். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், லீவு கிடைத்தால் வந்து போவான். எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மலை. ஒரு பெரிய மழைக்குப் பிறகு அந்தச் சுவரில் வெடிப்பு விட்டது. முதலில் தலைமயிர் மாதிரி இருந்தது. இப்போது என் சுண்டுவிரல் உள்ளே போகும். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். விட்டதும் திரும்பி வந்து முதலில் பார்ப்பது அடுப்பை அல்ல, சுவரை. "இன்னைக்கு வளரலை மாமி" என்பாள் மருமகள், ஏதோ பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிக்க வராது.

பத்திரமான இடத்தில் வீடு கட்டித் தருவதற்கு எங்கள் தோட்டத்தில் பெயர் பதிந்தது பல வருடங்களுக்கு முன்பு. அப்போது என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார், யாழ்ப்பாணத்துக்காரர், மேசை போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரருக்குக் கையெழுத்து வராது. அத்தனை பேர் முன்னால் விரலில் மை தடவிக்கொள்ள வெட்கப்பட்டு என்னை முன்னே தள்ளினார்.

"நீயே போட்டுரு. வீடு ஒன் பேருலயே இருக்கட்டும். என்னய வெரட்டாம இருந்தா சரி."

வாத்தியார் தன் சட்டைப் பையிலிருந்த மைப்பேனாவைத் திறந்து என்னிடம் கொடுத்தார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "ஆறுதலாப் போடுங்கோ அம்மா, ஒருத்தரும் துரத்தேல்லை" என்றார். நான் போட்டேன். வாத்தியார் தன் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுப்பதைப் பார்த்திருந்தேன், அது அழகாக இருந்தது. எனக்கு என்ன துணிச்சல் வந்ததோ, நானும் என் பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டேன். அந்தக் கோட்டுக்காகப் பிற்காலத்தில் எவ்வளவு பயந்தேன் என்று இனித்தான் சொல்ல வேண்டும்.

அன்று நான் பார்த்தது நீல மை. நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் பின்னால் ஒருநாள் அலுவலகத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், "ஒன் கையெழுத்து கறுப்பா, அம்சமா இருக்குடி" என்றார். நான் நீலம் என்றேன். அவர் கறுப்பு என்றார். "ஒனக்குக் கண்ணு அவுஞ்சு போச்சு" என்றார். சாகும்வரைக்கும் அதை வைத்து என்னைக் கேலி செய்தார். அவர் போன பிறகு, யார் சொன்னது சரி என்று கேட்க ஆள் இல்லை.

போன வருடம் கிராம சேவகர் தகவல் சொல்லி அனுப்பினார். எங்கள் பெயர் வந்திருக்கிறது. ஆனால் பெயர் பதிந்தவரே நேரில் வந்து, பழைய கையெழுத்தோடு ஒத்துப்பார்க்கும்படி ஒரு கையெழுத்துப் போட வேண்டும். மருமகள் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் என் விரல்களை விரித்துப் பார்த்தேன்.

ஏனென்றால் அதற்குள் என் கை பழைய கை இல்லை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்து கிள்ளிக் கிள்ளி உள்பக்கமாக வளைந்துவிட்டன. பேனாவைப் பிடித்தால் அவை தங்கள் பழைய வேலையைச் செய்யத் தொடங்கிவிடும், ஆடும், துடிக்கும். போல்பொயின்ட் பேனாவை அழுத்தினால்தான் எழுதும். அழுத்தினால் நடுக்கம் கூடும். ஒரு கொப்பியில் போட்டுப் பார்த்தேன். மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"மாமி, இது கையெழுத்தா, அட்டை ஊர்ந்த தடமா?"

"கிண்டல் பண்ணாத புள்ள."

"கிண்டலா? அட்டை கூட நேரா ஊரும் மாமி."

அந்த நேரத்தில்தான் பக்கத்து டிவிஷனில் ஒரு அம்மாவுக்குக் கையெழுத்து ஒத்துவரவில்லையாம், திருப்பி அனுப்பிவிட்டார்களாம் என்று தண்ணீர் பிடிக்கும் பீலியில் பேசிக்கொண்டார்கள். உண்மையோ பொய்யோ தெரியாது. "ஒத்துவரலைன்னா வெரல மெசின்ல வைக்கச் சொல்வாங்க, அதான் இருக்கே" என்று ஒருத்தி ஆறுதல் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. நான் வேலைக்குப் போன கடைசிக் காலத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் விரல் வைக்கும் மெசின் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். எல்லாருக்கும் பச்சை விளக்கு எரியும். எனக்குச் சிவப்பு. துடைத்து வைத்தாலும் சிவப்பு, தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்துவிட்டு வைத்தாலும் சிவப்பு. "பாட்டி, ஒங்க வெரல்ல ரேகையே இல்ல. கொழுந்து தின்னுருச்சு" என்று கணக்கப்பிள்ளை சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் சிரிக்க வரவில்லை. கையெழுத்தும் நான் இல்லை, விரலும் நான் இல்லை என்றால், நான்தான் நான் என்று யார் சொல்வது?

அப்படித்தான் மைப்பேனா யோசனை வந்தது. பழைய கையெழுத்து மைப்பேனாவில் போட்டது. புதியதும் அப்படியே இருந்தால் ஒத்துவரும் என்று நினைத்தேன். மையின் நிறமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். அப்படி யாரும் சொல்லவில்லை. பயந்த மனது தானாகவே சட்டம் போட்டுக்கொள்ளும்.

மருமகளோடு பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். கடைத்தெருவில் ஒரு பழைய புத்தகக் கடை. கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க பாட்டி, பேரப்புள்ளைக்கா?" என்றார்.

"இல்லீங்க, எனக்கு..." என்றேன். மருமகளைப் பார்த்தேன்.

"மாமிக்குத்தான் முதலாளி. மை ஊத்தி எழுதுற பேனா வேணுமாம்" என்றாள் மருமகள்.

"இந்தக் காலத்துல மைப்பேனாவா! யாருக்குப் பாட்டி, காதல் கடுதாசியா?"

"எழுதுனா எங்க மாமனாருக்குத்தான் எழுதணும். அவரு மேல போய்ட்டாரு. தபால் போகாது."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் முதலாளி நல்ல மனிதர். என் கையைப் பார்த்ததும் கேலியை நிறுத்திவிட்டார். ஒரு பேனாவை எடுத்து மையில் தோய்த்துக் கொடுத்தார். பொன்நிறக் கொக்கி வைத்தது, மெல்லியது. என் விரல்களுக்குள் நிற்காமல் வழுக்கியது. அடுத்ததன் முள் தாளைக் கீறியது, கோழி மண்ணைக் கிளறுவதுபோல. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு அலுமாரியின் பின்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். கறுப்பு, தடித்தது, மினுக்கம் ஒன்றும் இல்லை. மூடியைத் திருகித்தான் திறக்க வேண்டும்.

"அழுத்தாதீங்க பாட்டி. பேனாவோட பாரமே போதும். நீங்க சும்மா கூடப் போங்க."

நல்ல கொழுந்து ஒடிய நகம் வேண்டாம், அழுத்தம் வேண்டாம். விரல் பட்டாலே போதும், அது தானாக வந்துவிடும். முற்றின இலைக்குத்தான் மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் பேனா அப்படித்தான் எழுதியது. மை முள்ளின் நுனியிலிருந்து தானாக இறங்கியது. என் கை நடுங்கத்தான் செய்தது, ஆனால் நடுக்கம் தாளுக்குப் போய்ச் சேரவில்லை. தடித்த பேனாவின் பாரம் அதை வாங்கிக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள் கவனிக்கவில்லை.

பிறகு மை. அவர் போத்தல்களை வரிசையாக வைத்தார். முதலாவது வெளிர்நீலம். "இது ஸ்கூல் புள்ளைங்களுக்கு. சட்டையில பட்டாலும் தொவைச்சாப் போயிரும்" என்றார். துவைத்தால் போகும் மை என்றதும் நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சொன்ன கறுப்பு இருந்தது. அது குழம்பு மாதிரி. "எழுதாம வச்சா இது முள்ளுல காஞ்சு அடைச்சுக்கும்" என்றார். கடைசியாக ஒன்றைத் தள்ளி வைத்தார். "இது நீலக்கறுப்பு. பழைய ஆளுங்க எழுதுனது இதுலதான்."

தாளில் மூன்று மையிலும் ஒவ்வொரு கோடு போட்டார். கொஞ்சம் காயவிட்டு, தீக்குச்சியைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு கோட்டின் மேலும் வைத்தார். வெளிர்நீலம் கரைந்து ஓடியது. கறுப்பு அழுக்குத் தண்ணீராகியது. நீலக்கறுப்பு மட்டும் சற்று வெளிறி, கோடு கோடாகவே நின்றது.

"ஆனா ஈரக் கடுதாசியில மட்டும் எழுதிராதீங்க பாட்டி. எந்த மையா இருந்தாலும் படரும்" என்றார். மழையில் நனைந்த தாளைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மழையில் யார் எழுதுவார்கள் என்று தலையாட்டினேன்.

அந்த நீலக்கறுப்பு, எழுதும்போது நீலமாகத்தான் இருந்தது. எனக்கு நிம்மதி. என் ஞாபகத்தில் இருந்த நீலம் அதுதான். வாங்கிக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் போத்தல் உடைந்துவிடுமோ என்று மடியிலேயே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் பெயரை எழுதிப் பார்த்துவிட்டு, தாளை மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் எழுத்து நீலம் இல்லை. கறுத்திருந்தது.

எனக்குக் கை கால் ஓடவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ, நான் போத்தலை மாற்றி எடுத்துவிட்டேனோ, எனக்கே கண் கெட்டுவிட்டதோ. மருமகளைக் கூப்பிட்டேன்.

"நேத்து என்ன கலர்ல எழுதுனேன்?"

"நீலம்."

"இப்ப?"

அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அய்யோ மாமி, பேய் மைய வாங்கிட்டு வந்துட்டோம்" என்று கத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று முழுக்க அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுதுபடும் நேரத்தில்தான் புத்தியில் பட்டது. எழுதும்போது நீலம், காய்ந்தால் கறுப்பு. அப்படியானால் நான் பார்த்ததும் சரி. பின்னால் போய்ப் பார்த்த என் வீட்டுக்காரர் சொன்னதும் சரி. வாத்தியாரின் பேனாவில் இருந்தது இதே மைதான். இத்தனை வருடம் ஒருவரை ஒருவர் கண் அவிந்தவர் என்று சொல்லிக்கொண்டோம். சுவரில் மாட்டியிருக்கும் அவர் படத்துக்கு முன்னால் தாளை விரித்துக் காட்டினேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பீர்கள். காட்டாமல் இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த மை என் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் காய்ந்த எழுத்தின் மேல் தேத்தண்ணீர் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. பதறிப்போய்த் துடைத்தேன். எழுத்து போகவில்லை, முன்னையைவிடக் கறுத்தது. கொழுந்துக் கறை படிந்த கையால் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தொட்டால் கை இப்படித்தான் மையாகக் கறுக்கும். மலையில் வேலை செய்தவர்களுக்கு அது தெரியும். அந்தக் கறைக்கும் இந்த மைக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று நினைத்தேன். என் விரலில் ரேகையைத் தின்ற கறை, என் பெயரையாவது காப்பாற்றட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தினமும் எழுதிப் பழகினேன். மருமகள் வேலைக்குப் போன பிறகு, அடுப்படியில் உட்கார்ந்து. எங்கள் பக்கத்தில் எல்லாரும் தாள், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே கட்டிய பலகையில்தான் வைப்போம். வேறு எங்கே வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். என் கொப்பியும் அங்கேதான் இருந்தது. தாள் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். மை அதில் இருந்த இடத்திலேயே நிற்கும். எழுத்து மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்கு வந்தது. கோடுதான் வரவில்லை. பெயர் முடிந்ததும் கீழே இழுக்க வேண்டிய அந்தக் கோடு பாதியில் குதிக்கும். ஏன் இழுத்தேன், ஏன் இழுத்தேன் என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஒருநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். நேராக வந்தது. அதற்குப் பிறகு கோட்டுக்கு மட்டும் மூச்சை நிறுத்தப் பழகினேன்.

அலுவலகத்துக்குப் போகும் நாள் வந்தது. பேனாவில் மை நிரப்பி, ஸ்வெட்டர் பையில் முள் மேலே பார்க்கும்படி நிறுத்தி வைத்துக்கொண்டேன். அன்று மழை இல்லை. ஆனால் மூடுபனி. முன்னால் போகிறவரின் குடை மட்டும் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. அலுவலகத்தில் ஆட்கள் நெருக்கம் என்று ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். பனி உள்ளே வந்து எங்களோடு வரிசையில் நின்றது.

மேசையில் ஒரு தமிழ்ப் பிள்ளை கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சிங்கள ஐயா ஒருவர். அவர் மேசையில் விரல் வைக்கும் மெசின். அதைப் பார்த்ததும் ஸ்வெட்டர் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பேனா எழுதுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அந்தப் பிள்ளையிடம் ஒரு பழைய தாள் கேட்கும்படி மருமகளிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை ஜன்னலோரம் இருந்த தாள் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தாள். கையில் வாங்கியபோதே தாள் துவைத்த துணி மாதிரிச் சோர்ந்து கிடந்தது. பேனாவை வைத்து ஒரு கோடு போட்டேன்.

கோடு வேர் விட்டது.

இரண்டு பக்கமும் மயிர் மயிராக மை ஓடியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடியது. என் பெயரில் ஒரு எழுத்தைப் போட்டேன். அது கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர் சொன்ன ஈரக் கடுதாசி எது என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் மழை பெய்யாமலே தாள் நனையும். நான் இத்தனை நாளும் அடுப்பில் காய்ந்த தாளில் எழுதிப் பழகியிருக்கிறேன்.

"மாமி, என்ன இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?"

"வீட்டுக்குப் போயிரலாம் புள்ள. இன்னொரு நாளைக்கு வரலாம்."

"இன்னொரு நாளைக்கா? செவுரு காத்துக்கிட்டு இருக்குமா மாமி?"

அவள் கேலியாகத்தான் கேட்டாள். எனக்கு வெடிப்பு கண் முன்னால் வந்தது. திரும்பிப் போக முடியாது. முன்னாலும் போக முடியாது.

அப்போது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் இருந்த பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளியது. முன்னால் நின்ற ஆள் அதை வாங்கி, "அம்மாடி, சுடுது" என்று விரலை உதறினார். சுடுகிறது என்ற சொல் என் காதில் விழுந்தது. சுடும் தாள் ஈரமாக இருக்காதே. அடுப்புப் பலகையிலிருந்து எடுத்த தாள் மாதிரித்தானே இருக்கும்.

எங்கள் முறை வந்தது. எங்களுக்கு உரிய தாளை அந்தப் பிள்ளை காலையிலேயே எடுத்து அடுக்கி வைத்திருந்தாள். ஜன்னலோரத்தில். அதை நீட்டினாள். நான் வாங்கவில்லை. நான் அலுவலகங்களில் முதலில் வாய் திறந்தவள் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன், அதுவும் பாதி. அன்று எப்படிப் பேசினேன் என்று இன்றும் தெரியவில்லை.

"புள்ள... அந்த மெசின்லருந்து சுடச்சுட ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா?"

"என்ன அம்மா?"

"இந்தக் கடுதாசி குளுந்து போச்சு. மை ஓடும். சூடா இருந்தா ஓடாது. ஆறுறதுக்குள்ள போட்டுர்றேன்."

அவள் என்னையும் பேனாவையும் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "அம்மா ரொட்டி கேக்குற மாதிரி கேக்குறாங்க!" பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஐயா தலை நிமிர்ந்து, "மொகத?" என்றார், என்ன விஷயம் என்று. அவள் சிங்களத்தில் சொன்னாள். அவர் தலையசைத்தார். எனக்கு அந்தத் தலையசைப்பு கோபமா சம்மதமா என்று தெரியவில்லை. பிரிண்டர் ஓடியது.

தாள் தோசைக்கல்லிலிருந்து எடுத்தது மாதிரி வந்தது. அதன் சூடு என் வளைந்த விரல்களுக்கு இதமாக இருந்தது. மேசையில் வைத்து, பேனாவைத் திருகித் திறந்து, பாரத்தோடு கூடவே போனேன். மை ஓடவில்லை. பெயர் வந்தது. மூச்சை நிறுத்திக் கோட்டை இழுத்தேன். நேராக வந்தது.

ஐயா பழைய கோப்பைத் திறந்தார். அத்தனை வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்தேன். கறுப்பு. அம்சமாகத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் புதிய தாளை வைத்தார். புதியது பளிச்சென்று நீலம்.

இதை நான் யோசிக்கவே இல்லை. நாளைக்குத்தான் கறுக்கும், ஆனால் அவர் இப்போதல்லவா பார்க்கிறார். "நாளைக்குக் கறுத்துரும் ஐயா, நாளைக்குப் பாருங்க" என்று உளறினேன். அந்தப் பிள்ளை என் கையைத் தொட்டு, "கலரெல்லாம் பாக்கிறதில்ல அம்மா, பயப்படாதீங்க" என்றாள். ஹட்டன் வரை போய், போத்தல் போத்தலாகப் பார்த்து, மடியில் வைத்துக் கொண்டுவந்த நிறத்தை யாரும் பார்ப்பதே இல்லையாம்.

அவர் பார்த்தது வடிவத்தை. ஒரு எழுத்திலிருந்து இன்னொரு எழுத்துக்கு விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். மெசின் பக்கம் ஒருதரம் பார்த்தார். எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு தாளைத் திருப்பி, "அம்மா, இன்னொரு சைன்" என்று கீழே ஓர் இடத்தைக் காட்டினார்.

அதற்குள் தாள் ஆறிவிட்டது. இன்னொரு தரம் சூடாகக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒருநாளைக்கு ஒரு துணிச்சல்தான் எனக்கு. போட்டேன். பெயர் சரியாக நின்றது; கோட்டின் வாலில் மட்டும் இரண்டு மயிர் வேர் விட்டது. அவர் குனிந்து அதையே பார்த்தார். நெற்றி சுருங்கியது. மருமகள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். அவளும் பயப்படுகிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் முத்திரையை எடுத்து மைத்தட்டில் தொட்டு, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்தினார். எடுத்துப் பார்த்தார். முத்திரையின் ஊதா எழுத்துக்களும் சுற்றிவர மயிர் விட்டுப் படர்ந்தன. அவர் அதைப் பார்த்தார், என் கோட்டைப் பார்த்தார், திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"மீதும" என்றார். மூடுபனி என்று அர்த்தம். பிறகு முதல்முறையாகச் சிரித்தார். "ஹரி அம்மா" என்றார், சரி என்று.

வெளியே வந்ததும் மருமகள், "சுடச்சுடக் கையெழுத்துப் போட்ட ஒரே ஆளு நீங்கதான் மாமி" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு இரண்டும் வரவில்லை. கதவு வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை என் தாளைக் கோப்புக்குள் வைத்து, கோப்பை ஜன்னலோரத்துத் தட்டில் அடுக்கினாள். பனி அதன் மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

வீடு இன்னும் கைக்கு வரவில்லை. தகவல் வரும் என்றிருக்கிறார்கள். வெடிப்புக்குள் இப்போது என் மோதிரவிரலும் போகும். மழை பிடித்தால் பையோடு பேனாவையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம். இதை எழுதுவதும் அந்தப் பேனாவில்தான், அடுப்பில் காய்ந்த தாளில்தான். நேற்று எழுதிய பக்கங்கள் கறுத்துவிட்டன. இந்தப் பக்கம் இன்னும் நீலமாக இருக்கிறது.

மையைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி செய்யுங்கள். நீலமாக எழுதிக் கறுப்பாகக் காயும் மை, ஈரமான தட்டில் பல மாதம் கிடந்தாலும் அழியாதுதானே? தேத்தண்ணீர் பட்டுக் கறுத்தது என்று எழுதியிருக்கிறேன். அது நிஜமாகவே நடக்கக் கூடியதா, இல்லை நான் பயத்தில் அப்படிப் பார்த்தேனா? மற்ற விவரங்களிலும் பிழை இருக்கலாம், ஞாபகம் தடுமாறுகிறது. சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். மையைப் பற்றியதை மட்டும் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.